சந்திரகிரிச் சாரலில் ஓர் உயிரியல் பூங்கா: காட்சியிலிருந்து காப்புக்கு

முன்னுரை

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகச் சுட்டும் வேங்கடம், அகநானூற்றில் யானைகள் உலவும் காடாகவும் இடம்பெறுகிறது. அம்மலையடிவாரத்தில், சந்திரகிரிக்கும் திருப்பதிக்கும் அண்மையில், 1987 செப்டம்பர் 29 அன்று ஸ்ரீ வேங்கடேசுவரா உயிரியல் பூங்கா தொடங்கப்பட்டது. அதன் வளர்ச்சியையும், விலங்குப் பராமரிப்பு பற்றிய நோக்கு மாறிய வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

காட்சிசாலை மரபு

தென்னிந்தியாவில் விலங்குகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் விலங்குகளைச் சேர்த்து வைத்தார். பின்னர் அவை மக்கள் பூங்காவிற்கு மாற்றப்பட்டன. 'மிருகக்காட்சிசாலை' என்ற பெயரே அதன் நோக்கத்தை உணர்த்தும். காண்பவர் வசதியே முதன்மை பெற்றது. விலங்கின் வசதி பின்தள்ளப்பட்டது. நகர நெருக்கடி மிகுந்தபோது 1985இல் அது வண்டலூருக்குப் பெயர்ந்தது.

ஆந்திரத்திலும் இதனையொத்த மாற்றம் நிகழ்ந்தது. ஐதராபாத்தில் 1963இல் 380 ஏக்கரிலும், விசாகப்பட்டினத்தில் 1977இல் 625 ஏக்கரிலும் பூங்காக்கள் அமைந்தன. திருப்பதிப் பூங்காவிற்கோ 5,532 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய உயிரியல் பூங்கா இதுவே. இதன் பெரும்பகுதி காடாகவே விடப்பட்டுள்ளது. இதிகாச புராணங்களில் வரும் விலங்குகளை மையமாகக் கொண்ட அமைப்பு இதன் தனித்தன்மையாகும்.

சட்டமும் பராமரிப்பும்

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1991இல் திருத்தப்பட்டது. அதன்வழி 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் தோன்றியது. ஆணையத்தின் ஏற்பு பெறாமல் எந்தப் பூங்காவும் இயங்க இயலாது என்ற நிலை உருவாயிற்று. அடைப்பிடத்தின் அளவு, உணவு, மருத்துவம், பதிவேடு ஆகியன விருப்பத்திற்குரியவை என்ற நிலை மாறி, சட்டக் கடமைகளாயின.

சர்க்கஸ் சிங்கங்கள்

இக்கடமைக்கு உண்மையான சோதனை சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து வந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தலாகாது என 1998இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. கேரள உயர்நீதிமன்றம் 2000இலும் உச்சநீதிமன்றம் 2001இலும் அதனை உறுதிசெய்தன. கூண்டிலேயே வளர்ந்த அவ்விலங்குகள் வேட்டையாடப் பழகாதவை; காட்டில் விடத்தக்கவை அல்ல. சிங்கங்களில் மிகுதியானவை ஆசிய, ஆப்பிரிக்க இனக் கலப்பில் பிறந்தவை. ஆதலின் அவற்றை இனப்பெருக்கம் செய்விப்பதும் தவிர்க்கப்பட்டது.

இவற்றுக்கென வண்டலூர், பன்னேர்கட்டா, விசாகப்பட்டினம் முதலிய இடங்களோடு திருப்பதியிலும் மீட்பு மையம் அமைக்கப்பட்டது. இவ்விலங்குகள் காட்சிக்குரியவை அல்ல. எனவே நுழைவுக் கட்டண வருவாய்க்கு இவற்றால் பயனில்லை. ஆயினும் நாள்தோறும் இறைச்சியும், முதுமை நோய்களுக்கு மருத்துவமும், ஓயாத காவலும் தேவைப்பட்டன. கடைசி விலங்கு இயற்கையாக இறக்கும்வரை காத்து, அதன்பின் மையத்தை மூடுவதே திட்டமாக இருந்தது. வளர்ச்சியை இலக்காகக் கொள்ளாமல், முடிவை நோக்கியே நடத்தப்பட்ட பராமரிப்பு இது என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

2014இல் மாநிலம் பிரிந்தபின் ஐதராபாத் பூங்கா தெலங்கானாவைச் சேர்ந்தது. 2022இல் சந்திரகிரியும் திருப்பதியும் சித்தூரிலிருந்து பிரிந்து புதிய மாவட்டத்தில் அடங்கின. ஆட்சி எல்லைகள் மாறினும் விலங்குக்கு அன்றாடம் உணவளிக்கும் பொறுப்பு மாறுவதில்லை. 'காட்சிசாலை' என்பது 'பூங்கா'வாகிப் பின் 'மீட்பு மைய'மாகவும் விரிந்த சொல் வரலாறு, மனிதன் விலங்கின்பால் கொண்ட நோக்கின் வரலாறுமாகும். ஒரு பூங்காவின் தகுதியைப் பரப்பளவாலோ பார்வையாளர் தொகையாலோ மட்டும் அளவிட இயலாது. எவரும் காணவராத விலங்கினை அது எவ்வாறு காத்தது என்பதும் அளவுகோலாதல் வேண்டும்.