கோட்டுக்குள் ஒரு கேமரா

வாக்கர் எவன்ஸ் நியூயார்க் சுரங்க ரயிலில் எடுத்த படங்களை மாணவர்களிடம் காட்டும்போது, கேமரா எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்றுதான் முதலில் கேட்பேன். நெஞ்சு உயரம் என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கேமரா அவர் கோட்டுக்குள் இருந்தது.

1938இல் அந்த வேலையைத் தொடங்கினார். 35 மி.மீ. காண்டாக்ஸ் கேமரா, அதில் பளபளத்த உலோகப் பகுதிகளுக்கெல்லாம் கறுப்புச் சாயம் பூசினார். கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும். ஷட்டரை இயக்கும் கேபிள் சட்டைக் கைக்குள்ளேயே ஓடி உள்ளங்கையில் வந்து நிற்கும். வியூஃபைண்டரில் கண் வைக்க வழியில்லை, ஃபிளாஷ் இல்லை. பெட்டிக்குள் எரியும் விளக்குதான் வெளிச்சம், அதிலும் வண்டி குலுங்கிக்கொண்டே போகும். எதிரே யார் வந்து உட்காருகிறாரோ அவர்தான் படம். சில பயணங்களில் ஹெலன் லெவிட் கூடப் போனார். பின்னாளில் அவரும் நியூயார்க் தெருக்களைப் படமெடுத்துப் பெயர் பெற்றார்.

அந்த முகங்களில் பாவனையே இல்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்தால் வந்துவிடும் விறைப்பும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் அலுப்பு அப்படியே இருக்கிறது.

1941 வரை எடுத்தவர் அவற்றைப் புத்தகமாக்க 1966 வரை பொறுத்தார். ‘மெனி ஆர் கால்டு’ என்ற அந்த நூலுக்கு 1940இலேயே முன்னுரை எழுதிக் கொடுத்த ஜேம்ஸ் ஏஜி, நூல் வருவதற்கு 11 ஆண்டுகள் முன்பே இறந்துபோனார். கேட்காமல் எடுத்த முகங்களை உடனே கடைவிரிக்காத அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன். புரூஸ் டேவிட்சன் 1980இல் அதே ரயிலில் வண்ணத்தில், ஃபிளாஷ் போட்டே, பலரிடம் கேட்டுக்கொண்டு எடுத்தார். இரண்டு வழியும் நமக்கு வேண்டும்.

இப்படிப்பட்ட வரலாறு உள்ள ரயிலில்தான் 2004 மே மாதம் படமெடுக்கத் தடை போட யோசனை வந்தது. அந்தச் சுரங்க ரயிலுக்கு அது நூற்றாண்டு. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. மாட்ரிட் ரயில்களில் குண்டுவெடித்தது அந்த மார்ச்சில்தான். பத்திரிகையாளரும் அனுமதிக் கடிதம் உள்ளவரும் எடுக்கலாம், மற்றவர் கூடாது என்றது முன்மொழிவு. ஜூன் மாதம் கேமராக்காரர்கள் கூட்டமாக ரயிலேறி, படமெடுத்துக்கொண்டே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2005 மே மாதம் யோசனை கைவிடப்பட்டது. பயம் நியாயமானதுதான். ஆனால் அனுமதிக் கடிதம் கேட்டிருந்தால் எவன்ஸின் படங்களில் ஒன்றுகூட வந்திருக்காது. அங்குள்ள விதி படமெடுக்க அனுமதிக்கிறது. விளக்கு, ரிஃப்ளெக்டர், ட்ரைபாட் மட்டும் கூடாது என்கிறது. சரியான விதி. நெரிசல் நேரத்தில் ட்ரைபாட் கால் தடுக்கி ஒருவர் தண்டவாளத்தில் விழுந்தால் யார் பொறுப்பு?

தடை நிலைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் இருக்கிறது. 1977இல் திறந்த அந்த மெட்ரோ, அணுகுண்டுப் போர் வந்தால் மக்கள் பதுங்கும் இடமாகவும் கருதப்பட்டதால் ராணுவ முக்கியத்துவம் உள்ள இடங்களில் சேர்ந்தது. 2018 வரை உள்ளே படமெடுக்கக் கூடாது. இப்போது கோஸ்மோனவ்ட்லர் நிலையத்தின் நீலச் சுவரில் உள்ள விண்வெளி வீரர்கள் ககாரின், தெரஷ்கோவா உருவங்களைச் சுற்றுலாப் பயணிகள் ஓயாமல் எடுக்கிறார்கள். சுவர்கள் பழையவை, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சோவியத் ஒன்றியம் உடைந்த 1991இல் அந்தச் சுவர்களுக்கு முன்னால் ரயிலுக்கு நின்றவர்களை இனி யாரும் எடுக்க முடியாது. அந்த ஆண்டு அங்கே ஒரு கேமரா வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும்.