பானை ஸ்பீக்கர்

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வீட்டில் பாட்டுக் கேட்ட கதையை யாராவது எழுதினால், மண்பானையை விட்டுவிட்டு எழுதக் கூடாது. ரேடியோ மெக்கானிக்காக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

திருச்சி வானொலி 1939-இல் வந்துவிட்டது. ஆனால் வால்வு ரேடியோ வசதியான வீடுகளில்தான் இருந்தது. மற்றவர்களுக்குக் கல்யாணத்திலும் திருவிழாவிலும் கட்டிய குழாய் ரேடியோதான் பாட்டு. குழாய் அடுத்த ஊர்வரை கேட்கும், ஆனால் தவிலின் தொப்பி அதில் எடுபடாது. பிறகு வந்த டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது. உள்ளங்கையளவு ஸ்பீக்கரில் பேஸுக்கு எங்கே போவது?

கேசட் வந்ததும் ஆசை கூடியது. 'ப்ரியா' (1978) பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். அதை முழுசாகக் கேட்க இடமும் வலமுமாக இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். பலகைப் பெட்டிக்குத் தச்சுக்கூலி கட்டுப்படியாகாது. பானை சல்லிசு.

ஸ்பீக்கரைச் சும்மா வைத்துப் பாடவிட்டால், கோனின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் விளிம்பில் கலந்து ஒன்றையொன்று அழிக்கும், பேஸ் போய்விடும். அதனால் பின்பக்கத்தை அடைக்க வேண்டும். அதற்குப் பானையைப் போல வாகான பொருள் எங்களுக்கு வேறில்லை. வளைவாகச் சுட்ட மண் விறைப்பானது. மெல்லிய பலகையைப் போலத் தானும் சேர்ந்து அதிராது.

சுண்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்கும் பானையை எடுப்போம். உள்ளே கொஞ்சம் இலவம்பஞ்சு. வாய் விளிம்பில் பழைய சைக்கிள் டியூப்பை வளையமாக வைத்து, அதன்மேல் ஆறு அங்குல ஸ்பீக்கரைக் காற்றுக் கசியாமல் பொருத்துவோம். பிரிமணைமேல், சுவர் மூலையில் வைத்தால் பேஸ் இன்னும் ஏறும். பாட்டுக்கு டிரான்ஸ்பார்மர் போட்ட கார் ஸ்டீரியோ. இரண்டு பானைக்கும் பிளஸ், மைனஸ் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் பேஸ் செத்துவிடும். டார்ச் பேட்டரியை ஒயரில் தொட்டுப் பார்ப்பேன். கோன் வெளியே எழும்பினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ்.

குறையும் உண்டு. ஸ்பீக்கர் கூரையைப் பார்த்துப் பாடுவதால் புல்லாங்குழலும் ஜால்ராவும் மங்கும். அதற்குத் தனியாக ட்வீட்டரை நம்மைப் பார்த்து வைக்க வேண்டும். ஆனால் பேஸ் கிட்டார்! சலூனிலும் தையல் கடையிலும் அதைக் கேட்டுத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இளையராஜாவின் அடிநாதத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

தொண்ணூறுகளில் பிளைவுட் பெட்டி மலிந்தது, பிறகு 5.1 ஹோம் தியேட்டர் வந்தது. பல வீடுகளில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பானையைத் தண்ணீருக்கு எடுத்துக்கொண்டார்கள்.