நசுங்குதலும் நசுக்குதலும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடப்போர் சுக்கும் மிளகும் கலந்த மணத்தை நுகராமல் செல்ல இயலாது. அச்சரக்குகள் உணவாகவோ மருந்தாகவோ பயன்படுமுன் இடிபட்டும் அரைபட்டும் பிழிபட்டுமே தீர வேண்டும். ஒரு பொருளை அழுத்தியும் நொறுக்கியும் பயன்கொள்ளும் இத்தொழிலுக்குத் தமிழ் ஆக்கி வைத்த வினைச்சொற்கள் பல. அவை கடந்து வந்த வழியை இம்மலரில் சிறிது காண்போம்.

நெல்லைக் குத்துகிறோம், மிளகாயை இடிக்கிறோம், துவையலை அம்மியில் அரைக்கிறோம், பயற்றைத் திரிகையில் திரிக்கிறோம், கொப்பரையைச் செக்கிலும் உளுந்தை ஆட்டுரலிலும் ஆட்டுகிறோம். எலுமிச்சையைப் பிழிகிறோம், இஞ்சியை நசுக்குகிறோம், கீரையை மசிக்கிறோம், பச்சிலையைக் கசக்குகிறோம். கருவி எது, எவ்வளவு சிதைந்தது, கிடைத்தது மாவா சாறா எண்ணெயா என்பவற்றையெல்லாம் வினைச்சொல் ஒன்றே சொல்லிவிடுகிறது.

இச்சொற்கள் நேற்றுப் பிறந்தவையல்ல. சேர மன்னரைப் பாடிய பதிற்றுப்பத்திலேயே கரும்பு பிழியும் எந்திரம் இடம்பெறுகிறது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில், உலக்கை கொண்டு குற்றும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டு அமைந்துள்ளது. அங்குப் புகார் மகளிர்க்குக் கரும்பே உலக்கை. மதுரை மகளிர்க்குப் பவள உலக்கை. சேரர் தலைநகராகிய வஞ்சியின் மகளிரோ சந்தன உரலில் முத்தைப் பெய்து யானைத் தந்தத்தால் குற்றுகின்றனர். கை வருந்தும் தொழிலையும் பாட்டாக்கி, அப்பாட்டில் நாட்டின் வளத்தையும் ஏற்றிய திறம் எண்ணி இன்புறத்தக்கது.

சேர நாட்டு மொழி மலையாளமாக வளர்ந்த பின்னரும் இவ்வுறவு அறுபடவில்லை. உரலும் அம்மியும் இன்றும் இரு மொழிக்கும் பொது. நம் செக்கு இங்கே சக்கு. நம் உலக்கை இங்கே உலக்க. நாம் நெரித்தல் என்பதை அண்டை வீட்டார் ஞெரிக்குக என்பர். ஞெகிழ், ஞெமுங்கு எனப் பழந்தமிழ் வழங்கிய ஒலியன்றோ அது! பூண்டைச் 'சதைக்க' வேண்டும் என்று இங்கே கூறக் கேட்கும் நம் பிள்ளைகள் அதனை அயற்சொல்லென்று கருதுவர். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், 'சதைத்தல்' நசுக்குதல் என்னும் பொருளில் அங்கே வீற்றிருக்கக் காணலாம். நாம் மறந்ததை அண்டை வீட்டார் காத்துத் தந்திருக்கின்றனர்.

இக்கொச்சியிலிருந்தே இத்தொழிலின் பயன் ஐரோப்பிய ஏட்டிலும் ஏறியது. டச்சு ஆளுநர் வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய மருத்துவர்களின் துணைகொண்டு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. பச்சிலைச் சாறும் வேர்த்தூளும் பற்றி இந்நாட்டு மருத்துவர் அறிந்தவை இலத்தீன் மொழியில் அச்சேறின.

ஆங்கிலத்தின் கதை வேறு. 'கிரைண்ட்', 'பவுண்ட்' என்பவை அம்மொழியின் பழஞ்சொற்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சு வழியாக 'பிரஸ்', 'கிரஷ்' போன்றவை வந்து சேர்ந்தன. அழுத்துதலைக் குறிக்கும் அவ்விலத்தீன் வேரிலிருந்தே மக்களை ஒடுக்குதலைக் குறிக்கும் 'ஒப்ரெஸ்' என்னும் சொல்லும் தோன்றியது. இவ்வாறு சேர்ந்த ஒருபொருட் சொற்களை ரோஜே என்பார் 1852-இல் கருத்துவாரியாகத் தொகுத்து வெளியிட்டார். செயல் பற்றிய பெயர்களுக்கெனத் தனித்தொகுதி வகுத்த நம் திவாகர நிகண்டு அதனினும் பல நூற்றாண்டு மூத்தது.

தமிழுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நசுங்கு, நசுக்கு, அமுங்கு, அமுக்கு, ஒடுங்கு, ஒடுக்கு. துன்புறுவோன் வினையில் மெல்லெழுத்து. துன்புறுத்துவோன் வினையில் வல்லெழுத்து. ஓரெழுத்தே இருவரையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

இவ்வேறுபாட்டைத் தம் வாழ்வால் விளக்கியவர் வ. உ. சிதம்பரனார். 1908-இல் தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் அடைக்கப்பட்ட அவரை, மாடு இழுக்கும் செக்கை இழுக்க வைத்தனர். பின்னர் இக்கேரளத்துக் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார். ஆட்சியாளர் ஒடுக்கினர், அவரோ ஒடுங்கினாரல்லர். எள்ளைப் பிழியும் கருவி அன்று மனிதனைப் பிழியும் கருவியாயிற்று. ஆயினும் 'செக்கிழுத்த செம்மல்' என்று அதனையே அவருக்குப் புகழ்மாலையாக்கித் தமிழ் மக்கள் சூட்டினர்.

இன்று நம் இல்லங்களில் உரலும் அம்மியும் ஓரம் சேர்ந்துவிட்டன. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் அரைபடுகிறது. கருவி போனதற்கு வருந்த வேண்டுவதில்லை. தாய்மார்களின் தோள்வலி குறைந்தது நன்றே. ஆனால் கருவியோடு சொல்லும் போய்விடலாகாது. 'கிரஷ் பண்ணு', 'பிரஸ் பண்ணு' என்று நம் பிள்ளைகள் கூறுகையில் அவர்களைக் கடிந்து பயனில்லை. இடி, பிழி, நசுக்கு, மசி என்று நாமே சமையற்கட்டில் நாள்தோறும் சொல்லிக் காட்டுவோம். அயலூரில் வாழும் நாம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் சொத்தில் நிலமும் வீடும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இச்சொற்களாவது குறைவின்றி அவர்கள் கையைச் சேரட்டும்.