இனப்படுகொலையும் போரில் வென்ற நாடுகளும்: 1915 எச்சரிக்கை முதல் 1948 உடன்படிக்கை வரை

முதல் உலகப் போரின்போது ஒட்டோமான் பேரரசில் வாழ்ந்த ஆர்மேனியர்கள் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் சிரியப் பாலைவனத்தை நோக்கி விரட்டப்பட்டனர். உயிரிழந்தோர் 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. இதனை இனப்படுகொலை என ஏற்கத் துருக்கி தொடர்ந்து மறுத்து வருகிறது.

1915 மே 24-ஆம் தேதி பிரிட்டன், பிரான்ஸ், ரஷியா ஆகிய நாடுகள் வெளியிட்ட கூட்டறிக்கை, இப்படுகொலைகளுக்கு ஒட்டோமான் ஆட்சியாளர்களைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்குவோம் என எச்சரித்தது. அந்த வாக்குறுதி நிலைக்கவில்லை.

கைவிடப்பட்ட விசாரணை

போர் நிறுத்தத்துக்குப் பின் இஸ்தான்புல்லில் ஒட்டோமான் அரசே ராணுவ நீதிமன்றங்களை அமைத்தது. தலாத், என்வர், ஜெமால் ஆகிய முன்னாள் அமைச்சர்களுக்கு 1919 ஜூலையில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், மூவரும் முன்னரே நாட்டைவிட்டுத் தப்பியிருந்தனர்.

சந்தேகத்துக்குரிய நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிரிட்டன் மால்டா தீவில் சிறை வைத்தது. எந்தச் சட்டத்தின் கீழ் விசாரிப்பது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. துருக்கிய தேசியவாதிகளிடம் சிக்கியிருந்த பிரிட்டன் கைதிகளை மீட்பதற்காக 1921-இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

படுகொலைக்குப் பொறுப்பானோரை ஒப்படைக்க வேண்டும் என்றது 1920-இல் கையெழுத்தான செவ்ர் ஒப்பந்தத்தின் 230-ஆவது பிரிவு. அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கே வரவில்லை. முஸ்தபா கெமாலின் படைகள் வென்ற நிலையில், போரால் களைத்திருந்த நாடுகள் மீண்டும் படை அனுப்ப விரும்பவில்லை. 1923 ஜூலை 24-இல் கையெழுத்தான லொசான் ஒப்பந்தத்துடன் பொது மன்னிப்பு அறிவிக்கப்பட்டது.

நியூரம்பர்க் விசாரணை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. ஜெர்மனி முழுவதும் நேச நாடுகளின் வசமானதால், குற்றம் சாட்டப்பட்டோரும் ஆவணங்களும் அவற்றின் கைக்கு வந்தனர். 1946 அக்டோபர் 1-இல் நியூரம்பர்க்கில் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

போலந்தைச் சேர்ந்த யூத சட்ட வல்லுநர் ரஃபேல் லெம்கின் 1944-இல் உருவாக்கிய 'ஜெனோசைட்' என்ற சொல் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றது, தீர்ப்பில் இடம்பெறவில்லை. போருக்கு முன்பு யூதர்கள்மீது நிகழ்ந்த கொடுமைகளை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக நீதிமன்றம் கணக்கில் கொள்ளவில்லை.

இந்தியாவின் பங்கு

இந்த இடைவெளியை நிரப்ப, 1946-இல் ஐ.நா. பொதுச் சபையில் கியூபா, பனாமா ஆகியவற்றுடன் இணைந்து இந்தியா தீர்மானம் கொண்டுவந்தது. அது டிசம்பர் 11-இல் நிறைவேறியது. 1948 டிசம்பர் 9-இல் ஏற்கப்பட்ட இனப்படுகொலை உடன்படிக்கை, போர்க்காலமாயினும் அமைதிக்காலமாயினும் இனப்படுகொலை குற்றமே என அறிவித்தது. இந்தியா 1959-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

எனினும், இனப்படுகொலைக் குற்றத்துக்காகச் சர்வதேச நீதிமன்றம் ஒன்று ஒருவரைக் குற்றவாளி என முதன்முதலில் தீர்ப்பளித்தது 1998 செப்டம்பர் 2-இல், ருவாண்டா வழக்கில்தான். உடன்படிக்கை ஏற்கப்பட்டு அப்போது ஏறத்தாழ 50 ஆண்டுகளும், மூன்று நாடுகளின் எச்சரிக்கை வெளியாகி 83 ஆண்டுகளும் கடந்திருந்தன.