பல்கலைக்கழக நூலகமும் பயன்பாடு என்னும் அளவுகோலும்

பல்கலைக்கழக நூலகமொன்றின் தரத்தை அதன் நூற்றொகையைக் கொண்டு மதிப்பிடும் மரபு நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. எத்தனை இலட்சம் நூல்கள், எத்தனை சஞ்சிகைகள் என்னும் கணக்கு ஆண்டறிக்கைக்கு அழகு சேர்க்கும். ஆயின் அந்நூல்கள் எவரைச் சென்றடைந்தன என்ற வினாவுக்கு அக்கணக்கில் விடையில்லை. உடைமையை அளப்பதிலிருந்து பயன்பாட்டை அளப்பதை நோக்கி நூலகச் சிந்தனை நகர்ந்த வரலாற்றின் சில கட்டங்களையே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

இவ்வரலாற்றிற் சென்னைக்குச் சிறப்பிடம் உண்டு. தஞ்சை மாவட்டத்திற் பிறந்து கணித ஆசிரியராகப் பணியாற்றிய எஸ். ஆர். இரங்கநாதன், 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நூலகராக நியமனம் பெற்றார். இலண்டனிற் பயிற்சி பெற்று மீண்ட அவர், வாசகர் தாமே தட்டுகளிடையே சென்று நூலைத் தெரியும் திறந்த முறையை நடைமுறைப்படுத்தினார். 1931 இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் நூலின் பயன்பாட்டையே முதன்மைப்படுத்தின. வாசகரின் நேரத்தை மீதப்படுத்துதலும் அவற்றுள் ஒன்றாயிற்று.

இம்மாற்றத்தின் சமூக உள்ளடக்கம் போதியளவு உணரப்படவில்லை என்றே நாம் கருதுகின்றோம். பூட்டிய அலுமாரியிலிருந்து நூலைப் பெறுவதற்கு அதன் பெயரையும் ஆசிரியரையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். கற்றோர் குடும்பத்து மாணவனுக்கு அவ்வறிவு வீட்டிலேயே வாய்த்துவிடுகின்றது. கிராமப் பாடசாலையிலிருந்து வரும் மாணவனோ நூலைக் கண்ட பின்னரே அப்படியொரு நூல் உண்டென அறிகின்றான். இவனுக்குத் திறந்த தட்டு வெறும் வசதியன்று.

பயன்பாட்டை எண்களில் அளக்கும் முயற்சிகள் 1960களின் பின்னரே வலுப்பெற்றன. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழக நூலகம் 1969 இற் பெற்ற நூல்களுள் ஏறத்தாழ 40 சதவீதமானவை ஆறு ஆண்டுகளில் ஒரு தடவையேனும் இரவல் வழங்கப்படவில்லை என 1979 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதன் முறையியல் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அருகியே தேவைப்படும் நூலும் ஆராய்ச்சியாளனுக்கு இன்றியமையாததாகலாம். எனினும், நூல்களை வாங்குவதுடன் நூலகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை அது உணர்த்திற்று.

இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக அனுபவம் இன்னும் நுட்பமானது. தேடிய நூல் தட்டில் இல்லாமைக்கு இரவற் காலத்தின் நீட்சி முக்கிய காரணமென அங்கு ஆய்ந்தறிந்தனர். 1969 இல் மிகுதியாக வேண்டப்பட்ட நூல்களின் இரவற் காலம் ஒரு வாரமாகக் குறுக்கப்பட்டது. நூல்கள் எளிதிற் கிடைக்கவே இரவல் பெருகியது. பெருகிய தேவையால் தேடியது கிடைக்கும் விகிதம் மீண்டும் சற்றுத் தாழ்ந்தது. அவ்விகிதத்தை மட்டும் கண்டவர் நூலகம் சீர்கெட்டதென முடிவுசெய்திருப்பர். உண்மையில் அது முன்னரிலும் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தது. செயற்றிறனைத் தனியோர் எண்ணுக்குள் அடக்க முயல்வோர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

எமது நாட்டிற்கு இவ்வளவுகோலைப் பிரயோகிக்கும்போது பிறிதொரு சிக்கல் எழுகின்றது. 1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் ஆங்கிலமொழிக் கல்வியையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதன் நூலகமும் அவ்வாறே உருவாயிற்று. 1960 அளவிற் கலைத்துறையிற் சுயமொழிப் போதனை தொடங்கியபோது மாணவரின் சமூகத் தளம் விரிந்தது. தட்டுகளிலிருந்த நூல்களின் மொழி அவ்வேகத்தில் மாறவில்லை. நூல் இருந்தது, தட்டும் திறந்திருந்தது. ஆனால் வாசிக்கும் மொழி வேறாயிருந்தது. வாசகரிடம் தேடிய நூலையும் அது கிடைக்காத காரணத்தையும் வினவும் ஆய்வுகள் நூல் வாங்கப்படாமை, இரவலிற் சென்றமை, இடம் மாறி வைக்கப்பட்டமை எனப் பலவற்றைப் பதிவு செய்கின்றன. தன் மொழியில் அத்துறைக்கு நூலே இராதென முன்னரே எண்ணி, விரிவுரைக் குறிப்புகளுடன் அமைந்துவிட்ட மாணவன் எதனையும் தேடுவதில்லை. ஆகவே அப்பதிவேட்டில் அவன் இடம்பெறுவதுமில்லை.