மோலர் ஆர்கன், அட்லாண்டா ஃபாக்ஸ் திரையரங்கு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில், ஃபாக்ஸ் திரையரங்கில் உள்ள குழாய் ஆர்கன் ‘மைட்டி மோ’ என்ற செல்லப்பெயரால் அறியப்படுகிறது. மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் நகரில் இயங்கிய எம். பி. மோலர் நிறுவனம் 1929இல் செய்தளித்த இக்கருவி, நான்கு விசைப்பலகைகளும் 3,622 குழாய்களும் கொண்டது. திரையரங்க ஆர்கன்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாகும்.

திரையரங்க ஆர்கன் என்பது, பேசாப்படக் காலத்தில் ஒரு வாத்தியக் குழுவின் பணியை ஒருவரே செய்வதற்கென உருவான கருவி. இதற்கு அடிப்படையானவை, இங்கிலாந்தில் பிறந்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் (1859–1914) வகுத்த முறைகள். ஒரே ஓசைத்தன்மையுள்ள குழாய்களின் தொகுதி ‘வரிசை’ எனப்படும். மோலர் ஆர்கனில் இத்தகைய வரிசைகள் 42 உள்ளன. தேவாலய ஆர்கனில் ஒரு வரிசை பெரும்பாலும் ஒரு விசைப்பலகைக்கே உரியதாயிருக்க, ஹோப்-ஜோன்ஸ் முறையில் அதனை எந்த விசைப்பலகையிலிருந்தும் வெவ்வேறு சுருதிநிலைகளில் ஒலிக்கச் செய்யலாம். விசையை அழுத்தியதும் மின்காந்தம் சிறு வால்வு ஒன்றைத் திறக்க, தோல் போர்த்திய சிறு துருத்தி அசைந்து குழாய்க்குக் காற்றை விடுகிறது. முரசு, மணி, சைலஃபோன் முதலியனவும் இவ்வாறே இயக்கப்படுகின்றன. குழாய்கள் மறைவான அறைகளில் நிற்க, வாசிப்பவர் அமரும் ‘கன்சோல்’ மட்டும் மின்தூக்கியில் எழுந்து அவையினர்முன் தோன்றும்.

ஷ்ரைனர்கள் எனப்படும் சங்கத்தார் தம் தலைமையகமாக மசூதியின் சாயலில் கட்டத் தொடங்கிய வளாகத்தின் அரங்கைத் திரைப்பட முதலாளி வில்லியம் ஃபாக்ஸ் குத்தகைக்கு எடுத்தார். அது 1929 டிசம்பர் 25 அன்று திறக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே பேசும்படம் வந்துவிட்டதால், படத்திற்குப் பின்னணி இசைக்கும் தேவை அப்போதே குன்றியிருந்தது. இடைவேளை இசையும் அவையினர் சேர்ந்து பாடுதலும் ஆர்கனின் முதன்மைப் பணிகளாயின. 1950களில் ஆர்கன் பழுதுற்று மௌனமானது. இவ்வகைக் கருவிகளில் குழாய்களைவிட முன்னதாக நலிபவை தோலும் மின்தொடர்புகளுமே என்பதால், ஆயிரக்கணக்கான நுண்ணிய இணைப்புகளைச் சீர்செய்வதே மீட்பின் பெரும்பகுதி ஆகும். ஜோ பேட்டன் என்பவர் தன்னார்வலர்களுடன் இப்பணியை மேற்கொள்ள, 1963 நவம்பரில் நன்றியறிதல் நாளன்று கருவி மீண்டும் ஒலித்தது.

1970களின் நடுவில் ஒரு தொலைபேசி நிறுவனம் தன் தலைமையகம் கட்டுவதற்காக அரங்கை இடிக்க முனைந்தபோது, ‘அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு மக்கள் ஆதரவுடன் அதனை வாங்கி, கடனை 1978இல் அடைத்தது. 1976இல் அரங்கு தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. பிற திரையரங்குகளின் ஆர்கன்கள் பல கழற்றி விற்கப்பட்டுச் சிதறிய நிலையில், மோலர் ஆர்கன் தான் நிறுவப்பட்ட அரங்கிலேயே நிலைத்து, கோடைக்காலத் திரைப்பட விழாவில் படத்திற்கு முன் அவையினர் சேர்ந்து பாடுவதற்காக வாசிக்கப்பட்டு வருகிறது.