ஒரே கடிதம், வேறு பெயர்

அம்மா ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். பாக்கி கேட்டு அனுப்பும் கடிதங்கள் ஒரு நாளைக்கு இருபது, முப்பது அடிப்பாராம். “எல்லாம் ஒரே கடிதம்தான்டா. பேரு, தொகை, தேதி, இந்த மூனு மட்டும்தான் மாறும்” என்பார். அந்தக் கடிதத்தில் ஒரு பிழை இருந்தது. மேலே ஏழு நாளுக்குள் கட்ட வேண்டும் என்றிருக்கும்; கீழே பதினான்கு நாள் என்றிருக்கும். அம்மா மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். “இருக்கறத அப்படியே அடிங்க” என்று பதில் வந்தது. வேலையை விடும்வரை அம்மா அதை அப்படியே அடித்தார்.

நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். என் வேலையிலும் பாதி அதே கடிதம்தான். ஜாவாவில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்தால், சொல்லவந்த விஷயத்தைத் தொடுவதற்கு முன்பே ஐம்பது வரிகள் அடிக்க வேண்டியிருக்கும். வகுப்பின் பெயரும் சில மாறிகளும் தவிர மற்றதெல்லாம் நேற்று எழுதியதுதான். இதற்குப் ‘பாய்லர்பிளேட்’ என்று பெயர்.

இச்சொல் பத்திரிகை அச்சகத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சிற்றூர்ப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகளையும் விளம்பரங்களையும் உலோகத் தகடாகவே வார்த்து அனுப்பினார்கள். கொதிகலன் செய்யும் இரும்புத் தகட்டைப் போலிருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். உள்ளூர் ஆசிரியர் அதை வாங்கி அச்சடிக்கலாம். நடுவில் ஒரு சொல் தவறாக இருந்தால் அவரால் திருத்த முடியாது. அம்மாவின் கடிதமும் அப்படியொரு தகடுதான்.

கணினியில் இந்தத் தகட்டை இளக வைத்த கதை எம்.ஐ.டி.யில் தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் டான் மர்ஃபி அங்கே பிடிபி-1 கணினிக்காக டெக்கோ என்ற உரைத்தொகுப்பியை எழுதினார். அதில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. கட்டளைகளைக் கோத்து மேக்ரோவாக வைத்துக்கொண்டால், திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடலாம். 1970களில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ஆளாளுக்கு ஒரு மேக்ரோ தொகுப்பு வைத்திருந்தார்கள். ஒருவர் பழகிய விசை இன்னொருவரிடம் வேறு வேலையைச் செய்தது. 1976இல் கை ஸ்டீல் இவற்றை ஒன்றாக்கும் வேலையைத் தொடங்க, ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை எடுத்து முடித்தார். ‘எடிட்டிங் மேக்ரோஸ்’ என்பதன் சுருக்கமாக அதற்கு ஈமாக்ஸ் என்று பெயர் வந்தது.

ஆனால் என்னை நிறுத்திவைத்தது அடுத்த கட்டம்தான். 1978இல் ஹனிவெல் நிறுவனத்தில் பெர்னார்ட் கிரீன்பெர்க், மல்டிக்ஸ் கணினிக்கான ஈமாக்ஸை லிஸ்ப் மொழியில் எழுதினார். அதே மொழியிலேயே புதிய கட்டளைகளையும் சேர்க்கலாம். அந்த அலுவலகத்தின் காரியதரிசிகளிடம் ஒரு கையேடு இருந்தது. ஈமாக்ஸை எப்படி நீட்டிக்கலாம் என்று அது சொன்னது. இதற்கு நிரலாக்கம் என்று பெயர் என்பதை மட்டும் சொல்லவில்லை. தங்களால் நிரல் எழுத முடியாது என்று நம்பியிருந்தவர்கள் பயப்படாமல் படித்தார்கள், எழுதினார்கள். ஸ்டால்மன் பின்னாளில் ஓர் உரையில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். இதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. அங்கே தட்டச்சு செய்தவர்களால் வார்ப்பையே மாற்ற முடிந்தது.

1985இல் க்னூ ஈமாக்ஸ் பொதுவெளிக்கு வந்தது. பிறகு 2004இல் வந்த டெக்ஸ்ட்மேட், ‘ஸ்னிப்பெட்’ என்ற வடிவத்தைப் பரவலாக்கியது. ஒரு சுருக்கச் சொல்லை அடித்து டேப் விசையைத் தட்டினால் முழு வார்ப்புரு விரியும். நிரப்ப வேண்டிய இடத்தில் கர்சர் நிற்கும். மறுபடி தட்டினால் அடுத்த இடத்துக்குத் தாவும். ஈமாக்ஸில் இதைச் செய்யும் யாஸ்னிப்பெட்டில் இன்னொரு வசதி உண்டு. வார்ப்புருவுக்குள்ளேயே லிஸ்ப் நிரலை வைக்கலாம். ஜாவாவில் பொது வகுப்பின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா? அதை வார்ப்புருவே கோப்பைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும்.

எனக்கும் ஒரு வார்ப்புரு இருந்தது. தரவுத்தளத்தோடு பேசும் வகுப்புகளுக்காக ஒரு மாலையில் அவசரமாக எழுதியது. பிழை நேர்ந்தால் அதைப் பிடித்து, எதுவும் செய்யாமல் விழுங்கிவிடும் வரி அதில் இருந்தது. அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டேன். ஓராண்டு கழித்து, சில பதிவுகள் சத்தமில்லாமல் காணாமல் போவது தெரிந்தபோது அந்த வரி நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளில் இருந்தது. வார்ப்புருவைத் திருத்த ஒரு நிமிடம் ஆனது. ஆனால் விரிந்த உரைக்கும் வார்ப்புருவுக்கும் அதன்பின் எந்தத் தொடர்பும் இல்லை. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து திருத்த மூன்று நாள் ஆனது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“உனக்கும் அப்படியே அடின்னு சொல்லிட்டாங்களா?”

“இல்லமா. யாரும் சொல்லல. நானேதான்.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அனுப்புன கடிதத்த திருப்பி வாங்க முடியாதுல்ல” என்றார்.

அந்த வார்ப்புருவை நான் அழிக்கவில்லை. பிழையை விழுங்கிய வரி இருந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டேன். இப்போது கர்சர் அங்கே வந்து நிற்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நானே எழுதுகிறேன்.